லாஞ்ச்பாக்ஸ்ல எமுலேட்டர் சேர்த்தாச்சு, கேம் மட்டும் ஓடல: என்ன அறிகுறிக்கு என்ன வைத்தியம்

பழைய கேமெல்லாத்தையும் ஒரே இடத்துல அடுக்கிக் காட்டற லாஞ்ச்பாக்ஸ் போட்டாச்சு, அத ஓட்டற எமுலேட்டர் (பழைய கன்சோல் மாதிரி நடிக்கற புரோகிராம்) ரெட்ரோஆர்ச் இறக்கியாச்சு, ரோம் (கேம் ஃபைல்) எல்லாத்தையும் இழுத்து உள்ள விட்டாச்சு, அட்டைப்படமெல்லாம் கல்யாண ஆல்பம் மாதிரி வரிசையா வந்து நிக்குது, ஆசையா ஒண்ண டபுள் கிளிக் பண்ணா ஒண்ணும் நடக்கல. பாதிப் பேரு இந்த இடத்துலயே "இது நமக்கு ஆகாதுப்பா"ன்னு அன்இன்ஸ்டால் பண்ணிட்டுப் போயிடறாங்க. நானும் ரெண்டு தடவ போயிட்டு வந்தவன் தான். எனக்கு வந்த, என்கிட்ட கேட்டவங்களுக்கு வந்த பிரச்சனைகள அறிகுறி வாரியா போட்டிருக்கேன். உங்களுக்கு எது பொருந்துதோ அங்க குதிச்சுக்கோங்க, ஆனா இந்த முதல் பகுதிய மட்டும் தாண்டாதீங்க.

எல்லாத்துக்கும் முன்னாடி ஒரு டெஸ்ட்

லாஞ்ச்பாக்ஸ்ங்கறது ஓட்டல் சர்வர் மாதிரி. நாம சொன்ன ஆர்டர உள்ள போய் சொல்றது மட்டும் தான் அதோட வேலை, தோசை ஊத்துறது எமுலேட்டர். தோசை கருகி வந்தா சர்வர்கிட்ட சண்ட போட்டுப் பிரயோஜனம் இல்ல, ஆனா மசால் தோசை கேட்டு இட்லி வந்தா அது சர்வர் பண்ண கூத்து. அதனால முதல்ல எந்தப் பக்கம் தப்புன்னு பிரிக்கணும். லாஞ்ச்பாக்ஸ மூடிட்டு எமுலேட்டர நேரா திறந்து அதே ரோம அதுக்குள்ளயே லோட் பண்ணிப் பாருங்க. அங்கயும் ஓடலன்னா லாஞ்ச்பாக்ஸ் செட்டிங்ல எதத் தொட்டாலும் வேஸ்ட், எமுலேட்டர், பயாஸ் (கன்சோல் ஆன் ஆனதும் முதல்ல ஓடற அதோட சொந்த புரோகிராம்), ரோம் இந்த மூணுல ஒண்ணு தான் கோளாறு. அங்க நல்லா ஓடி லாஞ்ச்பாக்ஸ்ல மட்டும் ஓடலன்னா, ஆர்டர் தப்பா போகுது.

ஆர்டர் என்னன்னு பாக்கறதும் சுலபம். டூல்ஸ் மெனுவுல மேனேஜ், அதுக்குள்ள எமுலேட்டர்ஸ் போய் உங்க எமுலேட்டர எடிட் பண்ண திறந்தா, சாம்பிள் கமாண்ட்னு ஒரு வரி காட்டும். எந்த இஎக்ஸ்இ, அதுக்குப் பின்னாடி என்ன பாராமீட்டர் (எப்படி ஓடணும்னு சொல்ற கூடுதல் வார்த்தை), கடைசில ரோம் ஃபைல் எப்படிப் போகுதுன்னு மூணும் அதுல இருக்கும். கீழ இருக்கற டிக் பாக்ஸ ஒவ்வொண்ணா மாத்துனா அந்த வரியும் கூடவே மாறும், கொஞ்ச நேரம் மாத்தி மாத்திப் பாருங்க, எந்த டிக் எதுக்குன்னு தானா புரியும். அதே வரிய கமாண்ட் ப்ராம்ப்ட்ல நிஜ ரோம் பாத்தோட அடிச்சு ஓடவிட்டா லாஞ்ச்பாக்ஸ் முழுங்கிடற எரர் மெசேஜெல்லாம் அங்க கண்ணுக்குத் தெரியும்.

இன்னொரு விஷயம். பிரச்சனை தீர்ற வரைக்கும் அந்த எமுலேட்டருக்கு ஸ்டார்ட்அப் ஸ்கிரீன ஆஃப் பண்ணி வைங்க, எமுலேட்டர் எடிட் விண்டோவுலயே அதுக்குத் தனிப் பக்கம் இருக்கு. "லோடிங்"னு அழகா ஒரு படம் வந்து நிக்கும், அதுக்குப் பின்னாடி "பயாஸ் கிடைக்கல"ன்னு எமுலேட்டர் ஒரு டயலாக் பாக்ஸ் போட்டு நம்ம ஓகே அழுத்தறதுக்காக காத்துக்கிட்டு இருக்கும், நமக்குத் தெரியவே தெரியாது. நான் ஒரு ஞாயித்துக்கிழமை முழுசா இதுல தொலைச்சிருக்கேன்.

டபுள் கிளிக் பண்ணா சத்தமே இல்ல

பெரும்பாலும் எமுலேட்டர் இருந்த இடம் மாறியிருக்கும். ஃபோல்டர் பேர மாத்தியிருப்பீங்க, இல்லன்னா வெளி ஹார்ட் டிஸ்க்ல வச்சிருப்பீங்க, நேத்து ஈ டிரைவா இருந்தது இன்னைக்கு பென்டிரைவ் சொருகுனதால எஃப் டிரைவா ஆயிருக்கும். டிஸ்க் மேனேஜ்மென்ட்ல போய் அந்த டிஸ்குக்கு கடைசிப் பக்கத்து எழுத்து ஏதாவது ஒண்ணு, இசட்டோ எக்ஸோ, நிரந்தரமா கொடுத்துட்டா இந்த வம்பு இல்ல. எமுலேட்டர் இஎக்ஸ்இய ஆன்டிவைரஸ் தூக்கி உள்ள வச்சிருக்கறதும் நடக்கும், குவாரன்டைன் லிஸ்ட்ட ஒரு தடவ எட்டிப் பாருங்க.

ரெண்டும் இல்லன்னா பிளாட்ஃபார்ம் பேரு. இது நிறைய பேருக்குத் தெரியாம கடிக்கற விஷயம். எமுலேட்டர் எடிட் விண்டோவுல அசோசியேட்டட் பிளாட்ஃபார்ம்ஸ்னு ஒரு டேபிள் இருக்கும், அதுல "சோனி பிளேஸ்டேஷன்"னு பதிஞ்சிருக்கும். நீங்க இம்போர்ட் பண்றப்ப செல்லமா "பிஎஸ் ஒன்"னு பேரு வச்சிருப்பீங்க. லாஞ்ச்பாக்ஸுக்கு ரெண்டும் ஒண்ணுன்னு தெரியாது, எழுத்துக்கு எழுத்து ஒத்துப் போகணும். ஒண்ணு டேபிள்ல உங்க செல்லப் பேர ஒரு வரியா சேர்த்து கோர் (ரெட்ரோஆர்ச்சுக்குள்ள ஒவ்வொரு கன்சோலையும் ஓட்டற பகுதி) எதுன்னு சொல்லுங்க, இல்லன்னா பிளாட்ஃபார்ம் பேர அது வச்சிருக்கற பேருக்கே மாத்திடுங்க. செல்லப் பேரு தான் வேணும்னா பிளாட்ஃபார்ம் எடிட் பண்ற இடத்துல ஸ்கிரேப் ஆஸ்னு ஒரு பாக்ஸ் இருக்கும், அதுல அசல் பேரக் கொடுங்க, அட்டைப்படம் தப்பாம வரும். அட்டைப்படம் வரலங்கற புகார்ல முக்கால்வாசி இதோடயே முடிஞ்சிரும்.

அப்புறம் புரோகிராம் ஃபைல்ஸ் ஃபோல்டருக்குள்ள எதையும் வைக்காதீங்க. விண்டோஸ் அங்க எழுத விடாது, செட்டிங் சேவ் ஆகாது, சேவ் ஃபைல் எங்கயோ போகும். ரெட்ரோஆர்ச் இன்ஸ்டாலரே சி டிரைவ்ல நேரா தனி ஃபோல்டர் போட்டுக்கறது சும்மா இல்ல.

கருப்பு விண்டோ ஒண்ணு மின்னல் மாதிரி வந்துட்டுப் போகுது

ரெட்ரோஆர்ச்னா கோர் இல்லன்னு அர்த்தம், பத்துல எட்டு தடவ. ரெட்ரோஆர்ச் தனியா எந்த கேமும் ஓட்டாது, ஒவ்வொரு கன்சோலுக்கும் ஒரு கோர், அது கோர்ஸ் ஃபோல்டருக்குள்ள ஒரு டிஎல்எல் ஃபைலா இருக்கும். லாஞ்ச்பாக்ஸ் எமுலேட்டர் பேரப் பாத்து "சூப்பர் நின்டெண்டோவுக்கு ஸ்னெஸ்9எக்ஸ்"னு தானே டேபிள ரொப்பி வச்சிரும், அதப் பாத்துட்டு நாமளும் எல்லாம் இருக்குன்னு நினைச்சுக்குவோம், உள்ள போய்ப் பாத்தா ஃபோல்டர் காலி. ரெட்ரோஆர்ச்சத் திறந்து லோட் கோர், அதுல டவுன்லோட் எ கோர் போய் டேபிள்ல எந்தப் பேரு இருக்கோ அதையே இறக்குங்க. ஒரே கன்சோலுக்கு அஞ்சாறு கோர் காட்டும், பக்கத்துல இருக்கறத மாத்தி இறக்கிட்டு ஓடலன்னு சொல்லக் கூடாது.

கோர் இருந்தும் மறையுதுன்னா, அதுவும் ரெட்ரோஆர்ச் தனியா கூட திறக்க மாட்டேங்குதுன்னா, வீடியோ டிரைவர், அதாவது படத்த வரையற முறை, அதுல தகராறு. யாரோ சொன்னாங்கன்னு வல்கனுக்கு மாத்தியிருப்பீங்க. பழைய லேப்டாப்ல, இன்டெல் எச்டி 4000 மாதிரி கிராஃபிக்ஸ் இருக்கறதுல, விண்டோஸுக்கு வல்கன் டிரைவரே கிடையாது. திறக்காததுக்குள்ள போய் செட்டிங் மாத்துறது எப்படி? ரெட்ரோஆர்ச் ஃபோல்டர்ல கான்ஃபிக் ஃபைல நோட்பேடுல திறந்து வீடியோ டிரைவர்னு இருக்கற வரியத் தேடி வல்கன்ங்கறத அழிச்சிட்டு ஜிஎல்னு சின்ன எழுத்துல போட்டு சேவ் பண்ணுங்க.

அதுக்கும் மசியலன்னா செட்டிங்ஸ்ல லாக்கிங் போய் வெர்போசிட்டி ஆன், லாக் டு ஃபைல் ஆன். லாக் ஃபைலோட கடைசி இருபது வரி போதும், தமிழ்ல சொல்லாட்டியும் எந்த ஃபைல் கிடைக்காம முட்டிக்கிட்டு நிக்குதுன்னு பேரோட சொல்லிரும்.

புது எமுலேட்டர் சேர்த்து டிஃபால்ட்டும் ஆக்கிட்டேன், இன்னும் பழசே திறக்குது

இதுல உங்க தப்பு எதுவுமில்ல, லாஞ்ச்பாக்ஸ் அப்படித் தான். இம்போர்ட் பண்ண அன்னைக்கு எந்த எமுலேட்டர் இருந்துச்சோ அது ஒவ்வொரு கேமோடயும் தனித்தனியா ஒட்டிக்கிட்டு இருக்கும். டிஃபால்ட் மாத்துறது இனிமே வர்ற கேமுக்குத் தான். அந்த பிளாட்ஃபார்ம்ல எல்லா கேமையும் கன்ட்ரோல் ஏ போட்டு செலக்ட் பண்ணி, எடிட் கொடுத்தா ஒண்ணுக்கு மேல இருக்கறதால பல்க் எடிட் விசார்ட் வரும், அதுல எமுலேட்டர்ங்கற ஃபீல்ட எடுத்து புதுசக் கொடுங்க. பழைய எமுலேட்டர முதல்ல டெலீட் பண்ணிட்டு அப்புறம் இத யோசிக்காதீங்க, ஆர்டர் எடுக்க சர்வர் வருவாரு, உள்ள சமையக்காரரு இருக்க மாட்டாரு.

எமுலேட்டர் திறக்குது, கேம் வரல, மெனு தான் நிக்குது

இது பக்கா ஆர்டர் பிரச்சனை. மூணு காரணம் நான் பாத்திருக்கேன்.

ஒண்ணு, கொட்டேஷன் மார்க். ரிமூவ் கோட்ஸ்னு ஒரு டிக் இருக்கும், அத எப்பவோ சோதிக்கறதுக்காக போட்டுட்டு மறந்திருப்பீங்க. ரோம் பேர்லயோ ஃபோல்டர் பேர்லயோ ஒரு ஸ்பேஸ் இருந்தா கோட்ஸ் இல்லாம போற வரிய விண்டோஸ் ரெண்டு துண்டா வெட்டிக் கொடுக்கும், எமுலேட்டருக்குப் பாதிப் பேரு தான் போய்ச் சேரும். ஒரு வார்த்தைப் பேரு உள்ள கேம் ஓடுது, நீளப் பேரு உள்ளது ஓடலன்னா கண்ண மூடிக்கிட்டு இதச் சொல்லலாம்.

ரெண்டு, எமுலேட்டர் அப்டேட் பண்ணிட்டு பாராமீட்டர அப்படியே விட்டது. பிஎஸ்2 எமுலேட்டரான பிசிஎஸ்எக்ஸ்2 இதுக்கு நல்ல உதாரணம். பழைய 1.6 வரைக்கும் ஃபுல்ஸ்கிரீன்ங்கற வார்த்தைக்கு முன்னாடி ரெண்டு ஹைஃபன் போடணும், 2024-ல வந்த 2.0 வரிசையில ஒரு ஹைஃபன் தான். இஎக்ஸ்இ பேரும் மாறிப் போச்சு, இப்ப பேருக்குப் பின்னாடி க்யூடின்னு சேர்ந்திருக்கும். பழைய வரியோட புது எமுலேட்டர ஓட்டுனா ஒண்ணு எரர், இல்ல சும்மா மெனு. இப்போதைக்கு ஒரு ஹைஃபன் ஃபுல்ஸ்கிரீன், ஒரு ஹைஃபன் பேட்ச் (batch, patch இல்ல), அவ்வளவு தான் போடுங்க. பேட்ச் போட்டா கேம் முடிஞ்சதும் எமுலேட்டரும் தானா மூடிக்கும். கேம்க்யூப் எமுலேட்டர் டால்ஃபின்ல அதே வேலைக்கு ஹைஃபன் பி, ஹைஃபன் ஈ.

மூணு, ஸிப். சூப்பர் நின்டெண்டோ, மெகா டிரைவ் மாதிரி சின்ன ரோமெல்லாம் ரெட்ரோஆர்ச் ஸிப்போடயே சாப்பிட்டுரும். பிசிஎஸ்எக்ஸ்2-வுக்கும் டால்ஃபினுக்கும் ஸிப்பக் கொடுத்தா அதுங்களுக்கு என்னன்னே தெரியாது. எக்ஸ்ட்ராக்ட் ரோம் ஆர்க்கைவ்ஸ் பிஃபோர் ரன்னிங்ங்கற டிக்க போட்டா லாஞ்ச்பாக்ஸே பிரிச்சுக் கொடுக்கும், ஆனா 4 ஜிபி டிவிடிய ஒவ்வொரு தடவையும் பிரிக்கறதுக்குள்ள நீங்க டீ குடிச்சுட்டு வந்திரலாம். ஒரேயடியா பிரிச்சு பிஎஸ்2-வுக்கு சிஎச்டியாவும் கேம்க்யூபுக்கு ஆர்விஇசட்டாவும் மாத்தி வச்சிக்கறது தான் புத்திசாலித்தனம், ரெண்டுமே சுருக்குன நிலையிலயே நேரா ஓடும்.

நாலாவதா ஒண்ணு இருக்கு, இது நம்மாளுங்களுக்குன்னே வர்றது. ஃபோல்டர் பேர ஆசையா தமிழ்ல "விளையாட்டு"ன்னு வச்சிருந்தாலோ விண்டோஸ் யூசர் பேரே தமிழ்ல இருந்தாலோ, யூனிகோட் வர்றதுக்கு முந்தின காலத்து முறையில எழுதுன பழைய எமுலேட்டருங்களுக்கு அந்தப் பாத் வெறும் கேள்விக்குறியா தான் போய்ச் சேரும். புதுசுங்க சமாளிச்சிரும். பழசு ஒண்ணு வச்சிருந்தீங்கன்னா ரோம் ஃபோல்டர மட்டுமாவது இங்கிலீஷ் எழுத்துல வச்சிடுங்க, தமிழ்ப்பற்ற வேற இடத்துல காட்டிக்கலாம்.

சத்தம் கேக்குது, படம் இல்ல

கேம் உண்மையிலயே ஓடிக்கிட்டு இருக்கு, மேல எதுவோ மூடிக்கிட்டு இருக்கு. ஸ்டார்ட்அப் ஸ்கிரீன் பக்கத்துல "எக்ஸ்க்ளூசிவ் ஃபுல்ஸ்கிரீன்ல இல்லாத எல்லா விண்டோவையும் மறை"ங்கற அர்த்தத்துல ஒரு டிக் இருக்கும். நிறைய எமுலேட்டர் இப்ப பார்டர் இல்லாத விண்டோவா தான் ஃபுல்ஸ்கிரீன் காட்டுது, அதனால அந்த டிக் இருந்தா கேம் விண்டோவையே சேர்த்து மறைச்சிரும். டிக்க எடுங்க, முடிஞ்சுது.

பிளேஸ்டேஷன் கேம் மட்டும் கருப்பு ஸ்கிரீன், மத்ததெல்லாம் ஓடுது

பயாஸ். கார்ட்ரிட்ஜ் கன்சோலுங்கள்ல நிறைய பயாஸ் இல்லாமயே ஓடிரும், சிடி வந்த காலத்துலேர்ந்து தான் இந்தத் தொல்லை. பீட்டில் பிஎஸ்எக்ஸ் கோருக்கு பயாஸ் கண்டிப்பா வேணும், பிசிஎஸ்எக்ஸ் ரீஆர்ம்டு அது இல்லாமலும் ஒப்பேத்திக்கும், ஆனா சில கேம்ல சொதப்பும். ஜப்பான் கேமுக்கு எஸ்சிபிஎச்5500, அமெரிக்காவுக்கு 5501, ஐரோப்பாவுக்கு 5502, எல்லாமே பின் எக்ஸ்டென்ஷன், ஃபைல் பேரு சின்ன எழுத்துல, ஒவ்வொண்ணும் சரியா 512 கேபி. சைஸ் அதுல ஒரு கேபி குறைஞ்சாலும் அது பயாஸ் இல்ல, வேற ஏதோ. ரெட்ரோஆர்ச் ஃபோல்டருக்குள்ள சிஸ்டம்னு இருக்கற ஃபோல்டர்ல நேரா போடணும், அதுக்குள்ள இன்னொரு ஃபோல்டர் போட்டு வைக்கக் கூடாது. டிரீம்காஸ்ட் மாதிரி சிலது விதிவிலக்கு, ஃப்ளைகாஸ்ட் கோர் சிஸ்டம் ஃபோல்டருக்குள்ள டிசின்னு ஒரு ஃபோல்டர்ல தேடும். பிளேஸ்டேஷன் பயாஸ் எங்க கிடைக்கும்னு என்கிட்ட கேக்காதீங்க, அது சோனியோட காப்பிரைட், உங்க சொந்த கன்சோல்லேர்ந்து எடுக்கறது தான் முறை.

போட்டும் வரலயா? விண்டோஸ் எக்ஸ்டென்ஷன மறைச்சு வச்சிருக்கும், நீங்க பேர மாத்துறப்ப கடைசில பின்னு சேர்த்து அடிச்சிருப்பீங்க, நிஜத்துல அது பின்.பின்னு ரெட்டையா ஆயிருக்கும். எக்ஸ்ப்ளோரர்ல வியூ போய் ஃபைல் நேம் எக்ஸ்டென்ஷன்ஸ டிக் பண்ணிப் பாருங்க. எனக்கு வந்த பயாஸ் புகார்ல இது தான் அதிகம்னு நினைக்கறேன். பயாஸ் சரியா இருக்கான்னு ரெட்ரோஆர்ச்கிட்டயே கேக்கலாம், கோர லோட் பண்ணிட்டு இன்ஃபர்மேஷன்ல கோர் இன்ஃபர்மேஷன் போனா எந்தெந்த ஃபைல் இருக்கு, எது மிஸ்ஸிங்னு வரிசையா காட்டும்.

பயாஸ் சரி, ஒரே ஒரு கேம் மட்டும் வரலன்னா க்யூ ஃபைலப் பாருங்க. க்யூங்கறது ஒண்ணுமில்ல, நாலு வரி டெக்ஸ்ட், "டேட்டா இந்தப் பேர்ல இருக்கற பின் ஃபைல்ல இருக்கு"ன்னு சொல்ற சீட்டு. நீங்க பின்னோட பேர அழகா மாத்திட்டு சீட்ட மாத்தாம விட்டா அது ஊர்ல இல்லாத ஆளுக்கு லெட்டர் போடற கதை. நோட்பேடுல திறந்து முதல் வரியில இருக்கற பேர ஃபைல் பேரோட ஒத்துப் பாருங்க.

ஒரே கேம் லிஸ்ட்ல பத்து தடவ வருது

இம்போர்ட் பண்றப்ப பின், க்யூ ரெண்டையும் சேர்த்து இழுத்திருப்பீங்க. பாட்டெல்லாம் தனி டிராக்கா இருக்கற கேம்னா டிராக் 2, டிராக் 3ன்னு இருபது என்ட்ரி வந்து நிக்கும். க்யூவ மட்டும் இம்போர்ட் பண்ணுங்க. எனக்குக் கேட்டா எல்லாத்தையும் சிஎச்டி ஆக்கிடுங்கன்னு தான் சொல்வேன். மேம்ங்கற ஆர்கேட் எமுலேட்டர் கூடவே வர்ற சிஎச்டிமேன்ங்கற சின்ன புரோகிராம், அதுக்கு கிரியேட்சிடின்னு சொல்லி க்யூவக் கொடுத்தா மொத்த டிஸ்க்கையும் ஒரே ஃபைலா சுருக்கிக் கொடுத்துரும், தரம் ஒரு பிட் கூட குறையாது. பேரு மாத்துற பிரச்சனையும் அதோட ஒழிஞ்சுது.

ரெண்டு மூணு டிஸ்க் கேம் இருக்கே, ஃபைனல் ஃபேன்டசி 7 மூணு டிஸ்க், 8 நாலு டிஸ்க், அதுக்கு எம்3யூ ஃபைல் வேணும். நோட்பேடுல டிஸ்க் ஃபைல் பேர ஒரு வரிக்கு ஒண்ணா எழுதி எம்3யூன்னு சேவ் பண்றது தான். இல்லன்னா இம்போர்ட்ல மல்டி டிஸ்க்க ஒண்ணா சேருங்கற ஆப்ஷனப் போட்டு, அசோசியேட்டட் பிளாட்ஃபார்ம்ஸ் டேபிள்ல எம்3யூ காலத்த டிக் பண்ணுங்க, லாஞ்ச்பாக்ஸே எழுதிக் கொடுக்கும். இது இல்லாம தனித்தனி கேமா ஓட்டுனா முதல் டிஸ்க் முடியற இடத்துல "டிஸ்க் 2 போடு"ன்னு கேட்டுக்கிட்டு நிக்கும், போடறதுக்கு சுலபமா வழி இருக்காது, நாப்பது மணி நேரம் ஆடிட்டு அங்க மாட்டுனா அழுகையே வந்துரும். எம்3யூ இருந்தா குயிக் மெனுவுல டிஸ்க் கன்ட்ரோல் போய் எஜெக்ட், அடுத்த நம்பர், இன்சர்ட்.

ஆர்கேட் கேம் ஒண்ணு கூட ஓடல

இது தனி உலகம், நிதானமா சொல்றேன். கன்சோல் ரோம்னா ஒரு ஃபைல், ஒரு கேம். ஆர்கேட்ல ஒரு ஸிப்புங்கறது ஒரு போர்டுல இருந்த சிப்பெல்லாம் தனித்தனி ஃபைலா உள்ள இருக்கற மூட்டை. அதனால மூணு கட்டளை. ஸிப்ப பிரிக்காதீங்க. பேர மாத்தாதீங்க. வேற வேற வருஷத்து செட்ட (ஒரு வெர்ஷனுக்குன்னு சேர்த்த ஸிப் தொகுப்ப) கலக்காதீங்க.

நம்ம ஊர்ல டோக்கன் போட்டு ஆடுன "முஸ்தபா" கேம் ஞாபகம் இருக்கும். அதோட அசல் பேரு கெடிலாக்ஸ் அண்ட் டைனோசார்ஸ், கேப்காம் 1993-ல விட்டது, அதுல வர்ற நாலு பேர்ல ஒருத்தன் பேரு முஸ்தபா, நம்மாளுங்க கேமுக்கே அந்தப் பேர வச்சிட்டாங்க. மேம்ல அதோட பேரு டைனோன்னு நாலே எழுத்து. நீங்க ஸிப்புக்கு முஸ்தபான்னு பேரு வச்சீங்கன்னா மேம் அப்படி ஒரு கேமே உலகத்துல இல்லன்னு சொல்லிரும். லாஞ்ச்பாக்ஸ்ல பேரு அழகா தான் தெரியும், ஃபைலத் தொட வேண்டாம், லிஸ்ட்ல முஸ்தபான்னே தெரியணும்னா டைட்டில மட்டும் எடிட் பண்ணிக்கோங்க.

அடுத்தது செட்டோட வெர்ஷன். மேம் 1997-லேர்ந்து வந்துக்கிட்டு இருக்கு, ஒவ்வொரு வெர்ஷன்லயும் சிப்ப சரியா படிச்சு எடுக்கறப்ப ஸிப்புக்குள்ள இருக்க வேண்டிய ஃபைலும் மாறும். ரெட்ரோஆர்ச்ல இருக்கற மேம் 2003 பிளஸ் கோரு 0.78 செட்ட அடிப்படையா வச்சது, மேம் 2010 கோருக்கு 0.139 செட், எஃப்பிநியோங்கற இன்னொரு ஆர்கேட் கோருக்கு எப்பவும் அதோட லேட்டஸ்ட் செட். எங்கயோ கிடைச்ச ஸிப்ப எதுலயோ போட்டா நாலுல ஒண்ணு தற்செயலா ஓடும், அதனால தான் "சிலது ஓடுது சிலது ஓடல"ன்னு குழப்பம் வருது.

தனி மேம் வச்சிருக்கறவங்க கமாண்ட் ப்ராம்ப்ட்ல மேம்னு அடிச்சு ஸ்பேஸ் விட்டு டைனோன்னு அடிங்க. என்ன குறையுதுன்னு லிஸ்டே போட்டுரும். டைனோவுக்கு அடிக்கடி வர்ற எரர் டிஎல்-1425.பின் நாட் ஃபவுண்ட். இது கேமோட ரோம் இல்ல, கியூசவுண்ட்ங்கற சவுண்ட் சிப்போட ரோம், கேப்காம் பல கேம்ல போட்ட சிப்பு, மேம் அதத் தனி ஸிப்பா எதிர்பார்க்குது. எந்தப் பேரு ஸிப்ல தேடுச்சுன்னு பக்கத்துலயே எழுதிக் காட்டும், அந்தப் பேர்லயே ரோம் ஃபோல்டர்ல வைக்கணும். கிங் ஆஃப் ஃபைட்டர்ஸ் 97 மாதிரி நியோ ஜியோ கேமுக்கும் இதே கதை தான், அங்க நியோஜியோங்கற பேர்ல ஒரு பயாஸ் ஸிப், கேம் இருக்கற அதே ஃபோல்டர்ல பிரிக்காம. குளோன் கேம்னா (ஒரு கேமோட வேற பதிப்பு) அதோட அம்மா ஸிப்பும் (முதன்மைப் பதிப்பு) பக்கத்துல இருக்கணும், நான்-மெர்ஜ்டு செட்டா (ஒவ்வொரு ஸிப்லயும் எல்லா ஃபைலும் முழுசா இருக்கற செட்) இருந்தா மட்டும் தேவையில்ல. கில்லர் இன்ஸ்டிங்ட் மாதிரி ஹார்ட் டிஸ்க் வச்ச போர்டுங்களுக்கு ஸிப்போட சேர்த்து சிஎச்டியும் வேணும், கேமோட சின்னப் பேர்லயே ஒரு ஃபோல்டர் போட்டு அதுக்குள்ள.

இப்ப லாஞ்ச்பாக்ஸ் பக்கம். தனி மேமுக்கு ரோமோட முழு பாத் போகக் கூடாது, வெறும் டைனோன்னு தான் போகணும், அதுக்கு "ஃபைல் பேரு மட்டும், எக்ஸ்டென்ஷனும் ஃபோல்டரும் வேண்டாம்"ங்கற டிக்க போடணும். பேர மட்டும் கொடுத்தா எந்த ஃபோல்டர்ல தேடணும்னு மேமுக்குத் தெரியணுமே, அது மேம்.ஐஎன்ஐ ஃபைல்ல ரோம்பாத் வரியில இருக்கணும். அதே கேம ரெட்ரோஆர்ச் கோர்ல ஓட்டுனா தலைகீழ், முழு பாத் கண்டிப்பா போகணும், அந்த டிக் இருக்கக் கூடாது. ஒண்ணுலேர்ந்து இன்னொண்ணுக்கு மாறுறவங்க இங்க தான் வழுக்கி விழறாங்க. எக்ஸ்ட்ராக்ட் ரோம் ஆர்க்கைவ்ஸ் டிக்கும் ஆர்கேடுக்கு ஆஃப் தான், இல்லன்னா மூட்டையப் பிரிச்சு அதுல முதல்ல கைக்கு வந்த சிப் ஃபைல ஒண்ண எடுத்து "இது தான் கேம்"னு கொடுக்கும்.

கன்ட்ரோலர் லாஞ்ச்பாக்ஸ்ல வேலை செய்யுது, கேமுக்குள்ள செத்துப் போகுது

ரெண்டுக்கும் தனித்தனி செட்டிங், ஒண்ணுல ஓடுனா இன்னொண்ணுல ஓடும்னு கிடையாது. ரெட்ரோஆர்ச்ல கீழ "நாட் கான்ஃபிகர்டு"ன்னு வந்தா அதுக்கு உங்க பேடத் தெரியலன்னு அர்த்தம். விலை கம்மியான பேடுகள்ல எக்ஸ், டின்னு ஒரு ஸ்விட்ச்சோ நடு பட்டன அழுத்திப் பிடிச்சா மாறுற மாதிரியோ இருக்கும், எக்ஸ் பக்கம் தள்ளுங்க, எக்ஸ்பாக்ஸ் பேடுன்னு நினைச்சுக்கும். ஒரு தடவ அழுத்துனா ரெண்டு தடவ நகருதுன்னா பிளேஸ்டேஷன் பேட எக்ஸ்பாக்ஸ் பேடா காட்டற டிஎஸ்4விண்டோஸ் ஓடிக்கிட்டு இருக்கும், நிஜ பேடு ஒண்ணு, அது உண்டாக்குன போலி ஒண்ணுன்னு ரெண்டும் தெரியுது, நிஜத்த ஹிட்ஹைட்ங்கற புரோகிராம வச்சு மறைங்க. மௌஸ் தானா நகருதா, ஸ்டீம மூடுங்க. பேடு ரெண்டாவது பிளேயராப் போய் உக்காந்துக்கிச்சுன்னா இன்புட் செட்டிங்ல போர்ட் 1, அதுல டிவைஸ் இன்டெக்ஸ மாத்துங்க.

ஆமை வேகம், சவுண்ட் கிர்ர்ருங்குது

லேப்டாப்ல ரெண்டு கிராஃபிக்ஸ் இருந்தா விண்டோஸ் செட்டிங்ஸ், டிஸ்ப்ளே, கிராஃபிக்ஸ் போய் எமுலேட்டர் இஎக்ஸ்இய சேர்த்து ஹை பெர்ஃபார்மன்ஸ் கொடுங்க. லாஞ்ச்பாக்ஸுக்குக் கொடுத்து பிரயோஜனம் இல்ல, கேம் ஓடறது எமுலேட்டர்ல. கோரும் பாருங்க, பிஸ்னெஸ்ங்கற சூப்பர் நின்டெண்டோ கோர் நல்ல துல்லியம் தான், பழைய மெஷின்ல மூச்சு வாங்கும், ஸ்னெஸ்9எக்ஸ் போதும். சேகா சாட்டர்ன பீட்டில் கோர்ல ஓட்டறதுக்கு நல்ல ப்ராசசர் வேணும், அதுக்கு மருந்து இல்ல.

எல்லாம் சரியா இருந்தும் கேம் சோம்பலா, பாட்டு இழுத்து இழுத்து வருதுன்னா ரோம் பேர்ல யூரோப்னு இருக்கான்னு பாருங்க. அங்க டிவி 50 ஹெர்ட்ஸ், அமெரிக்கா ஜப்பான்ல 60. நிறைய கேம அப்படியே தூக்கிப் போட்டு வித்தாங்க, ஆறுல ஒரு பங்கு வேகம் குறைஞ்சு தான் ஓடும், அன்னைக்கு காசு கொடுத்து வாங்குனவனும் அப்படித் தான் ஆடுனான். அமெரிக்க வெர்ஷன எடுங்க.

எஸ்கேப் அழுத்துனா வெளிய வரல

ரெட்ரோஆர்ச்ல ரெண்டு தடவ அழுத்தணும், கன்ஃபர்ம் க்விட்னு ஒரு செட்டிங் டிஃபால்ட்டா ஆன்ல இருக்கும். பேடுலேர்ந்தே வெளிய வர ஹாட்கீஸ்ல க்விட்டுக்கு ஸ்டார்ட்டும் செலக்ட்டும் சேர்த்து அழுத்துற காம்போவக் கொடுத்துக்கலாம். மத்த எமுலேட்டருக்கு லாஞ்ச்பாக்ஸ்ல ரன்னிங் ஸ்கிரிப்ட்ங்கற பக்கத்துல ஆட்டோஹாட்கீ ஸ்கிரிப்ட் (ஒரு பட்டன அழுத்துனா என்ன நடக்கணும்னு சொல்ற சின்ன புரோகிராம்) எழுதலாம், விண்டோவ க்ளோஸ் பண்ணுன்னு சொல்ற ஸ்கிரிப்டா இருக்கட்டும். ப்ராசஸ கொல்லுன்னு எழுதாதீங்க. நான் ரெட்ரோஆர்ச்சுக்கே அப்படி எழுதுனேன். அக்கா பையன் போக்கிமான் எமரால்டுல ஒரு நாள் பூரா ஆடி கேமுக்குள்ள சேவ் எல்லாம் பண்ணிட்டு தான் வெளிய வந்தான், மறுநாள் திறந்தா பழைய இடத்துலயே நிக்குது. கேமுக்குள்ள பண்ற சேவ ரெட்ரோஆர்ச் மெமரில வச்சிருந்து மூடுறப்ப தான் டிஸ்குல எழுதும், நான் அதுக்கு எழுத நேரமே கொடுக்கல. சேவிங் செட்டிங்ல சேவ்ரேம் ஆட்டோசேவ் இன்டர்வல்னு இருக்கு, பத்து செகண்ட் வச்சிடுங்க, கரன்ட் போனாலும் தப்பிக்கலாம். அவன் ஒரு வாரம் என்கூட பேசல.

பழைய கேசட் கேம் மட்டும் சாம்பல் கலர்ல நிக்குது

90-கள்ல நம்ம வீட்டு டிவில மஞ்சக் கேசட் சொருகி ஆடுனதெல்லாம் நின்டெண்டோ 1983-ல விட்ட ஃபேமிகாமோட நகல். அதோட ப்ராசசர் ஒரே சமயத்துல 32 கேபி புரோகிராம் ரோமத் தான் பாக்க முடியும், அதுக்கு மேல இருக்கற கேமுக்கு கேசட்டுக்குள்ள மேப்பர்னு ஒரு சிப்பு பக்கம் பக்கமா திருப்பிக் காட்டும். ரோம் ஃபைலோட முதல் 16 பைட்ல எந்த மேப்பர்னு நம்பர் இருக்கும், அது தப்பா இருந்தாலோ அந்த மேப்பர் கோருக்குத் தெரியலன்னாலோ இப்படி சாம்பலா நிக்கும். ஒரு கேசட்ல நூறு கேம்னு போட்டு வித்தானே, அதெல்லாம் ஊரு பேரு தெரியாத மேப்பர். அந்த மாதிரி கேசட்டுக்கு எஃப்சிஇயூஎம்எம் கோர் தான் சரி, லைசென்ஸ் இல்லாத மேப்பர் நிறைய அதுக்குத் தெரியும். எல்லா கேமையும் அதுக்கு மாத்த வேண்டாம், அந்த ஒரு கேம எடிட் பண்ணி எமுலேஷன் பக்கத்துல கஸ்டம் கமாண்ட் லைன டிக் பண்ணி, ஹைஃபன், பெரிய எல், அப்புறம் கோர் ஃபைலோட பாத் கொடுத்தா அது மட்டும் அந்தக் கோர்ல திறக்கும். மெனு வந்ததும் நூறு கேம்ல எண்பது ஒரே கேமோட வேற வேற லெவல் தான்னு இப்பயும் தெரிய வரும்.